மை

நகல் பத்து சென். வண்ணத்தில் ஒரு வெள்ளி.
பாரம் நிரப்பித் தர ஐந்து வெள்ளி,
அழுகிறவர்களிடம் வாங்குவதில்லை.
பாடாங் செராய் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே
என் கடை.

மூன்றரை மணிக்கே மழை இருட்டு.
செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று
கண்ணாடிக் கதவை உலுக்கிவிட்டுப் போனது.
தவமலர் அக்கா குடையை விரித்தபடியே வாசலில் வைத்தார்.
"தம்பி, மாவுக்கு இணையத்துல ஒரு பேரு பதியணும்."

தோசை மாவு. கூலிம் வரை போகிறது,
மோட்டாரின் பின்னால் கட்டிய நீல ஐஸ் பெட்டியில்.

புள்ளி காம் போதாதா அக்கா?
"அது எந்த ஊருன்னே தெரியாது.
பாத்த உடனே இந்த நாட்டு மாவுன்னு தெரியணும்."

சொன்னேன்:
நாட்டுக்கு நாடு இரண்டே எழுத்து.
இந்தியாவுக்கு இன்.
மியன்மாருக்கு இரண்டு எம், சேர்த்தால் ம்ம்.
கோழிக் கடைப் பையன்கள் இரவில்
வீட்டோடு பேசும்போது
பாதிப் பேச்சு அதுதான்.
நமக்கு எம், வை.
மை.

"கண்ணுக்குப் போடுறதா?" சிரித்தார்.
ஓட்டுப் போட்டால் விரலில் வைப்பதும், என்றேன்.
சிரிப்பு நின்றது.
மாவு காய்ந்த சுட்டுவிரலை
நகத்தால் சுரண்டினார்.

"முழுசா தமிழ்லயே எழுத முடியாதா?"
சிங்கப்பூரில் எழுதலாம். இலங்கையில், இந்தியாவில் எழுதலாம்.
இங்கே புள்ளிக்குப் பின்னால்
ரோமன், இல்லையென்றால் ஜாவி.
"பரவால்ல. எதுல எழுதினாலும்
வாயில வர்றது மைதான."

அடையாள அட்டை கேட்டது பாரம்.
மாவுப் பையில் சுற்றி வைத்திருந்த அட்டையை
எடுத்துத் தந்தார்.
சிவப்பு.

முதல் ஆறு எண் பிறந்த நாள்.
அடுத்த இரண்டு எண் பிறந்த மாநிலம், கெடா.
எண் ஒன்று சொல்கிறது,
நிறம் வேறு சொல்கிறது.
அம்மா கழுத்தில் தாலி இருந்தது,
காகிதம் இருந்ததில்லை.
இவ்வளவையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார்,
பல முகப்புகளில் சொல்லிச் சொல்லி
வழவழப்பான குரலில்.

குடியுரிமை என்ற கட்டத்தை அழுத்தினேன்.
மலாவி. மலேசியா. மாலத்தீவு. மாலி.
அம்புக்குறி நின்றது.
மழை மட்டும் பெய்தது.

"ஆளு பேர்ல வேணாம் தம்பி.
கடை பேர்ல போடு."
வியாபாரப் பதிவுச் சான்றிதழை நீட்டினார்,
நான்கு மூலையும் நாடா ஒட்டியது.

பதினொரு நிமிடம்.
தஹ்னியா என்றது திரை.
மாவுக்கு நாடு கிடைத்தது.
அவருடைய கோப்பு
பதினான்காவது வருடமாகப்
புத்ராஜெயாவில் பரிசீலனையில் இருக்கிறது.

என்ன பேசுவதென்று தெரியாமல்
ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில் கிறுக்கினேன்.
உரி.மை
குடி.மை
அரு.மை
பொறு.மை
இதெல்லாம் யார் பதிந்து வைத்திருக்கிறார்களோ!

எட்டிப் படித்தார்.
"கடைசியா எழுதினத அடிச்சிடு.
அது ரொம்ப நாளா எம் பேர்ல இருக்கு."

வருடா வருடம் புதுப்பிக்கணும் அக்கா,
தவறினால் போய்விடும்.
"மாவுக்குச் சொல்லித் தர்றியா?
நாள் தாண்டினா புளிக்கும். எனக்குத் தெரியும்."

ரசீது அச்சாகி வந்தது.
தவமலர் த/பெ முனுசாமி.
அதற்குக் கீழே லோரோங், அஞ்சல் எண்,
பிறகு, நாடு: மலேசியா.

விரல் வைத்து இரண்டு முறை படித்தார்.
அது முகவரியின் கடைசி வரி என்று
நான் சொல்லவில்லை.
அவருக்கும் தெரிந்திருக்கும்.

"இத வண்ணத்துல ஒரு நகல் எடு."
கறுப்பு எழுத்துதானே அக்கா, பத்து சென்னே போதும்.
"எடுன்னா எடு."
ஒரு வெள்ளியை மேசையில் வைத்துவிட்டு
குடையைத் தேடினார்.
காற்று அதைச் சாலைக்கு அந்தப் பக்கம்
கொண்டு போயிருந்தது.